650 மில்லிமீட்டர் வீரன்

தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தார் 650, கூர்க்கா 700, ஹைலக்ஸ் 700, டிஃபெண்டர் 900. எல்லாம் மில்லிமீட்டர். எந்த வண்டி எவ்வளவு ஆழத் தண்ணீரில் இறங்கிக் கரையேறும் என்று அதைத் தயாரிக்கிறவர்களே கொடுத்திருக்கும் கணக்கு. ஜிம்னிக்கு வெளிநாடுகளில் 300 என்று சொல்கிறார்கள்; அதை உச்சரிக்கும்போது மட்டும் என் உதட்டோரம் ஓர் இளக்காரம் எட்டிப் பார்க்கும். கல்யாண நாள் என்றைக்கு என்று கேட்டால்தான் ஒரு நொடி மோட்டுவளையைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த ஞானம் முழுவதும் மடிக்கணினியில் ஓர் அட்டவணையாக இருக்கிறது. ஓரத்தில் வண்டிகளின் பெயர். தலைப்பில் தரை இடைவெளி, ஏறும் கோணம், இறங்கும் கோணம், வயிறு தட்டாத கோணம், எடை, ஓர் அச்சின் இரு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் லாக்கர் பின்னால் மட்டுமா முன்னாலுமா என்று நீளும். ஜெயித்த கட்டத்துக்குப் பச்சை, தோற்றதற்குச் சிவப்பு. 2020-இல் வந்த தாருக்குத் தரை இடைவெளி 226 மி.மீ.; பச்சை. 2021 கூர்க்காவுக்கு 205, சிவப்பு. ஆனால் அதற்கு இரண்டு அச்சிலும் லாக்கர் உண்டு, கம்பெனியே மாட்டிக் கொடுக்கும் ஸ்நார்க்கலும் உண்டு, ஆகவே அந்தக் கட்டங்கள் அடர் பச்சை. ஜிம்னிக்கு 210தான், ஆனால் முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில், கரடுமுரடில் அது பெரிய வரம். 1985-இல் வந்த ஜிப்ஸி ஒரு டன்னைத் தொடாத எடை. அந்தக் கட்டத்தை அதனிடமிருந்து இன்றுவரை யாரும் பறிக்கவில்லை. இதெல்லாம் படித்துத் தெரிந்தது. நானே ஓட்டியது என் தார் ஒன்றைத்தான். அதுவும் பெரும்பாலும் காந்திபுரம் சிக்னலில்.

சொந்தத்தில் கார் வாங்குகிறவர்கள் முன்பெல்லாம் என்னிடம் யோசனை கேட்பார்கள். மச்சினன் கேட்டான்: "மாமா, திருப்பூர்ல இருந்து பல்லடம் போய்ட்டு வரணும். வாரத்துக்கு ஒருக்கா கோயமுத்தூர். குழந்தைங்க ரெண்டு. எது வாங்கலாம்?" லோ ரேஞ்ச் டிரான்ஸ்ஃபர் கேஸ் இல்லாத வண்டியை ஏன் வண்டி என்றே சொல்லக்கூடாது என்று நான் அவனுக்கு விளக்கினேன். போகிற வழியில் தண்ணீர் குறுக்கிட்டால் அங்கெல்லாம் பாலம் கட்டியிருக்கிறார்கள் என்பதை மரியாதை கருதி அவன் சொல்லவில்லை. சின்ன கார் ஒன்றை வாங்கி, சாவியைக் கையில் வாங்கிய பிறகுதான் எனக்கு ஸ்வீட் பாக்கெட்டோடு தகவல் வந்தது. அதற்கப்புறம் சொந்தத்தில் யாரும் கேட்பதில்லை.

வாங்கியபடியே வண்டியை வைத்திருப்பது எங்கள் ஆஃப்-ரோடு கூட்டத்தில் கௌரவக் குறைச்சல். நம் ஊரில் ஜீப்பைப் பிரித்துக் கூட்டுவது பழைய தொழில்தான். மஹிந்திரா 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கியது. அதன் வாரிசுகளுக்கும், ராணுவ ஏலத்தில் வந்த உருப்படிகளுக்கும் டீசல் இன்ஜின் ஏற்றுவதிலும், கமான் பட்டை கூட்டுவதிலும், பாடி கட்டுவதிலும் தலைமுறை கண்ட பட்டறைகள் இருக்கின்றன. அவர்களிடம் வந்தவர்களுக்கு அது பிழைப்பு. தோட்டத்துக்கு உர மூட்டை ஏற வேண்டும், மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை இறங்க வேண்டும். எனக்கு ஏறவும் இறங்கவும் ஒரு மூட்டையும் இல்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், ஐஸ்லாந்தில் 44 அங்குல டயர் மாட்டிய ஹைலக்ஸ்கள் பனியில் மிதந்து போவதையும், தோர்ஸ்மோர்க் போகும் வழியில் குரோஸ்ஸா ஆற்றில் வாடகை ஜீப்புகள் மூழ்குவதையும் செல்போனில் பார்ப்பேன். மூழ்குகிறவர்களைப் பார்த்து "பிரேக்கை ஏன்டா மிதிக்கிற" என்று படுக்கையிலிருந்தே திட்டுவேன். மனைவி திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

முதலில் டயர். என் மெக்கானிக் அண்ணன் உக்கடம் பக்கம் பட்டறை வைத்திருப்பவர். கேள்வி கேட்காமல் வேலை செய்யத் தெரியாதவர்.

"டயரைப் பெருசு பண்ணோணும்னு சொல்றீங்க. எதுக்குங்க?"

"தரைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல இடம் கூடும்ணா."

"எவ்வளவு கூடுமுங்க?"

கணக்குப் போட்டேன். கம்பெனி மாட்டியிருந்தது 245/75 ஆர்16, விட்டம் 774 மி.மீ. நான் கேட்டது 285/75 ஆர்16, விட்டம் 834. வித்தியாசம் 60. ஆனால் ஆக்சில் இருப்பது சக்கரத்தின் நடுவில். அதற்கு அடியில் கிடைப்பது பாதிதான், 30 மி.மீ.

"ஒன்றரை வெரக்கடைக்கு இத்தனை ஆயிரமுங்களா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் மாட்டிக் கொடுத்தார்.

அந்த ஒன்றரை விரற்கடை என்னென்ன செய்தது என்று யாரும் அட்டவணை போடவில்லை. ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்பக்க பிளாஸ்டிக்கில் உரசியது. எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்தத்தில் ஒடிக்காமல் நுழைய முடியாது. ஸ்பீடோமீட்டர் நூறு காட்டும்போது வண்டி நூற்றெட்டில் போனது. டயர் கனத்ததால் பிரேக் தள்ளிப் பிடித்தது. மைலேஜ் என்ன ஆயிற்று என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

உரசலை நிறுத்த இரண்டு அங்குல லிஃப்ட் கிட் போட்டேன். தாருக்கு முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். உடம்பைத் தூக்கினால் டிரைவ் ஷாஃப்ட் சாய்கிற கோணம் கூடும், அதன் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். கிழிந்தது. பின்பக்கம் சாலிட் ஆக்சில். அங்கே லிஃப்ட் கிட் உடம்பைத்தான் தூக்கும், ஆக்சிலின் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். கல் தட்டுவது அந்த உருண்டையில்தான். இந்த உண்மை எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டேன், பக்கவாட்டில் நின்று பார்த்தால் அழகாக இருந்தது. அம்மாவால்தான் ஏற முடியவில்லை. அவளுக்காக ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கி வண்டியிலேயே போட்டேன். நான் வாங்கிய துணைச் சாதனங்களிலேயே தினமும் பயன்பட்டது அந்த முக்காலி ஒன்றுதான்.

காற்று விஷயத்தில் பட்ட அவமானமும் இருக்கிறது. சேற்றிலும் மணலிலும் டயர் காற்றைப் பாதிக்குக் குறைத்தால் டயர் தரையில் அகலமாகப் படிந்து பிடிமானம் கூடும். பைசா செலவில்லாத மாற்றம். லிஃப்ட் கிட், லாக்கர் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது. ஆனைகட்டிப் பக்கம் நண்பரின் தோட்டத்தில் நானும் பாந்தமாகக் குந்தி, நான்கு டயரிலும் பதினெட்டு பிஎஸ்ஐக்கு இறக்கினேன். வண்டி சேற்றில் அருமையாகப் போயிற்று. திரும்பும்போதுதான் காற்றடிக்கும் கம்ப்ரஸர் வீட்டு அலமாரியில், பிரிக்காத பெட்டியில் இருப்பது ஞாபகம் வந்தது. தளர்ந்த டயரோடு தார்ச்சாலையில் உருட்டி உருட்டி ஒரு பஞ்சர் கடைக்கு வந்தேன். கடைப் பையன் நான்கையும் அழுத்திப் பார்த்துவிட்டு, "நாலும் ஒண்ணா பஞ்சருங்களாண்ணா?" என்றான். ஆமாம் என்றேன். விளக்கம் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

அதே தோட்டத்தில் இன்னொரு நாள் சேற்றில் அசைய மாட்டேன் என்று நின்றுவிட்டது. இறங்கினேன், மண்வெட்டியால் வெட்டினேன், கல் போட்டேன், மட்டை போட்டேன். தோட்டத்து ஆட்கள் தள்ளினார்கள். வண்டியின் தகுதிக் குறைவு பற்றியும், கூர்க்கா என்றால் முன் லாக்கரைப் போட்டு வந்திருக்கும் என்பது பற்றியும் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நண்பரின் மகன், பள்ளிக்கூடம் போகிற பையன், ஜன்னல் வழியாகத் தலையை விட்டுப் பார்த்து, "அங்கிள், இந்தக் குச்சி டூ ஹெச்ல இருக்கு" என்றான். நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் வண்டியை இரண்டு சக்கரத்தில் வைத்து இவ்வளவு நேரமும் முறுக்கியிருக்கிறேன். லீவரை மாற்றியதும் வண்டி வந்துவிட்டது. அந்தத் தோட்டத்துக்கு அப்புறம் போகவில்லை.

வின்ச் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 9,500 பவுண்டு இழுக்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. அந்த எண் உருளையில் கடைசிச் சுற்றுக் கயிறு மட்டும் மிச்சம் இருக்கும்போதுதான் செல்லும். கயிறு மேலே மேலே சுற்றச் சுற்ற இழுவை குறைந்துகொண்டே வரும். இது தெரிவதற்குள் வாங்கியாயிற்று. முன்னால் தொங்கும் அதன் எடைக்கு ஸ்பிரிங் தாழ்ந்து, லிஃப்ட் கிட் கொடுத்த உயரத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டது. இன்றுவரை அதன் முழு முயற்சியும் மாமனார் தோப்பில் ஒரு தென்னந்தூரைப் பிடுங்கியதில்தான் செலவானது. பேட்டரி இறங்கியது, தூர் அசையவில்லை, மறுநாள் ஜேசிபி வந்தது.

ஸ்நார்க்கல் மாட்டிய அன்றைக்குத்தான் முழு வீரனானேன். பானெட்டின் ஓரத்தில் ஏறி, கூரை வரைக்கும் நிமிர்ந்து நிற்கும் கறுப்புக் குழாய். இன்ஜின் மூச்சு அதன் வழியாக உயரத்திலிருந்து வரும். அதை மாட்டியவுடன் எனக்குத் தண்ணீர் தேட ஆரம்பித்தது.

நல்ல காலமாகக் காட்டாற்றில் போய் இறங்கவில்லை. வனப்பகுதிக்குள் வண்டியை இறக்குவது சட்டப்படி குற்றம். தெரிந்தவர்கள் தனியார் தோட்டங்களில், உரிமையாளர் அனுமதியோடுதான் இந்த விளையாட்டை ஆடுவார்கள். மழைக்காலத்தில் அதற்குப் பேர்போன ஊர் கர்நாடகத்தின் சக்லேஷ்பூர். காப்பித் தோட்டம், சில்வர் ஓக், மிளகுக் கொடி, அட்டை. தோட்டத்து ஓடைகள் எல்லாம் சரிந்து ஹேமாவதியைத் தேடி ஓடும். எங்கள் கூட்டம் அங்கே ஒரு தோட்டத்துக்குப் போனது.

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டையூசி வளைவுகளையும் அந்த டயரோடு ஏறினேன். வழியில் ஒரு வாகனச் சோதனை. "இது என்னங்க குழாய்?" என்றார் அதிகாரி. விளக்கினேன். "லைட் பார் எதுக்கு?" விளக்கினேன். என் அட்டவணையில் மோட்டார் வாகனச் சட்டத்துக்குத் தலைப்பு இல்லை. அவருக்கு 52-ஆவது பிரிவு மனப்பாடமாக இருந்தது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது. முன்பக்கம் இரும்புக் கம்பி போடுவதற்கு 2017-லேயே தடை. அவர் எழுதிக் கொடுத்த ரசீதை வாங்கிக்கொண்டேன். அவர் செய்தது சரி. வாதாடிய நான்தான் முட்டாள்.

ஓடைக்கு வருவோம். முப்பதடி அகலம் இருக்கும். மேலே பார்த்தால் சாது. நடுவில் ஒரு பள்ளம் இருப்பதாகத் தோட்டத்துக்காரர் சொல்லியிருந்தார். தண்ணீரைக் கடக்கும் முன் நடந்து பார்த்துவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க முதல் விதி. விதிவிலக்கு ஆஸ்திரேலியாவின் ககாடுவில் இருக்கும் கேஹில்ஸ் கிராஸிங் மாதிரி இடங்கள்; அங்கே நடந்து பார்த்தால் முதலை பார்த்துவிடும். எங்கள் ஓடையில் முதலை கிடையாது. எல்லோரும் இறங்கிக் குச்சியால் ஆழம் பார்த்தார்கள். நான் புது பூட்ஸ் போட்டிருந்தேன். கரையில் நின்று ஒரு கல்லை எறிந்து, சத்தத்தை வைத்து அறுபது சென்டிமீட்டர் என்று தீர்ப்புச் சொன்னேன். என்னுடையது அறுபத்தைந்து. ஐந்து மிச்சம்.

முதலில் இறங்கியது பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புக்கார அண்ணனின் எம்எம் 540. வண்டிக்கு வயது என் கல்லூரி நாட்களைத் தாண்டும். பெஜோ டீசல் இன்ஜின், கம்ப்யூட்டர் கிடையாது, நிறுத்துவதற்கு ஒரு கம்பியை இழுக்க வேண்டும். இறங்கும் முன் அவர் முன் கிரில்லின் மேல் ஒரு தார்ப்பாய்த் துண்டைக் கட்டினார். எதற்கு என்று பிறகுதான் புரிந்தது. ரேடியேட்டர் விசிறி வேகமாகச் சுற்றும்போது தண்ணீர் மோதினால் இதழ்கள் முன்பக்கம் வளைந்து ரேடியேட்டரையே அறுத்துவிடும். தார்ப்பாய் தண்ணீரை முன்னாலேயே தள்ளிக்கொண்டு போகும். லோ ரேஞ்சில் நடக்கிற வேகம். தளத்தில் இருந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது, மறுகரையில் அதே ஓட்டைகள் வழியாக வெளியே போனது. அவர் செருப்பைக் கழற்றி டாஷ்போர்டில் வைத்திருந்தார்.

அடுத்து ஒரு பழைய கார்புரேட்டர் ஜிப்ஸி. பெட்ரோல் வண்டிக்குத் தண்ணீரில் எமன் டிஸ்டிரிபியூட்டர். நனைந்தால் பொறி போய்விடும். ஓட்டிய பையன் அதற்கு ஆஸ்பத்திரி ரப்பர் கையுறையை மாட்டி, விரல் நுனிகளைக் கிழித்து ஒயர்களை வெளியே விட்டிருந்தான். பானெட்டைத் திறந்து காட்டினான். ஐந்து விரலோடு ஒரு கை இன்ஜின்மேல் உட்கார்ந்திருந்தது. எடை குறைந்த வண்டி ஆனதால் நடுவில் ஓட்டம் அதைப் பக்கவாட்டில் தள்ளியது, குறிவைத்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே கரையேறினான். கூர்க்கா வந்தது, இறங்கியது, ஏறியது. அதைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை.

ஜிம்னிக்காரர் தண்ணீரைப் பார்த்தார், தோட்டத்துக்காரரிடம் ஏதோ கேட்டார், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் பக்கத்தில் இருந்தவரிடம் "முந்நூறு" என்று சொல்லிக் கண்ணடித்தேன்.

என் முறை. லோ ரேஞ்ச் போட்டாயிற்று. இந்த முறை இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். மெதுவாக இறங்கி, ஒரே சீராகப் போனால் வண்டிக்கு முன்னால் ஓர் அலை எழும்பும், அதன் பின்னால் இன்ஜின் இருக்குமிடத்தில் தண்ணீர் தாழ்ந்து நிற்கும், அந்தப் பள்ளத்திலேயே போய்க் கரையேற வேண்டும். இதைப் பலருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். இறங்கிய வேகத்தில் தண்ணீர் பானெட் மேல் ஏறிக் கண்ணாடியில் அடித்தது. பயந்து ஆக்சிலரேட்டரை விட்டேன். முன்னால் போன அலை திரும்பி வந்தது. தண்ணீருக்குள் கிளட்ச்சைத் தொடாதே என்பது இரண்டாம் விதி; தட்டுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் வழுக்கும். நான் கிளட்ச்சை மிதித்தேன். அதோடு நிற்காமல் கியரையும் மாற்றினேன். முதல் கியர் என்று நினைத்துப் போட்டது மூன்றாவது. கிளட்ச்சை விட்டதும் இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

அப்போது ஹாரன் அலற ஆரம்பித்தது. கம்பெனி ஹாரன் போதாது என்று நானாக மாட்டிய ஏர் ஹாரன். அதன் ரிலேயைக் கீழே, எட்டுவதற்குச் சுலபமான இடத்தில் வைத்திருந்தேன். தண்ணீருக்கும் எட்டியது. மலைப் பள்ளத்தாக்கு முழுக்க ஒரே நீண்ட ஹாரன். இரண்டு கரையிலும் ஆட்கள் ஏதோ கத்துகிறார்கள், ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்ததுதான் நான் எங்கும் படிக்காதது. வண்டியின் பின்பாகம் மெதுவாக எழுந்து, ஓட்டத்தோடு திரும்பத் தொடங்கியது. என் புது வண்டியின் கதவு ரப்பர்கள் கச்சிதமானவை, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அதனால் வண்டி மிதந்தது. தோப்புக்கார அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"கதவைத் தொறங்க தம்பி! தண்ணி உள்ள வரட்டும்!"

"புது மேட்டுங்ணா!"

இதைச் சொன்னது நான்தான். சாட்சிகள் இருக்கிறார்கள்.

ஓட்டம் போகும் பக்கத்துக் கதவை அவரே இழுத்துத் திறந்தார். தண்ணீர் புகுந்து முழங்கால் வரை நிறைந்தது. வண்டி கனத்து, சக்கரங்கள் தரையில் உட்கார்ந்தன. என் கை தானாகச் சாவிக்குப் போனது. "சாவியத் தொட்டீங்கன்னா கைய ஒடிச்சுப்போடுவேன்" என்றார். இழுவைக் கயிறு என்னிடம் உண்டு. டிக்கியில் எல்லாப் பைகளுக்கும் அடியில், முக்காலிக்கும் கீழே. அவருடைய கயிற்றைப் போட்டு, அவருடைய ஓட்டை ஜீப்பால் இழுத்து வெளியே எடுத்தார்கள். மறுகரையில் ஜிம்னிக்காரர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். மேலே கொஞ்ச தூரத்தில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறதாம்.

கரையில் ஏர் ஃபில்ட்டர் பெட்டியைத் திறந்தார்கள். ஃபில்ட்டர் நனைந்திருந்தது. கூரை வரை உயர்ந்த குழாயை மாட்டிய நான், ஃபில்ட்டர் பெட்டியின் அடியில் ஈரம் வடிவதற்கு என்று கம்பெனி வைத்திருந்த ஓட்டையை அடைக்கவில்லை. மேலே மூக்கு; கீழே வாய் திறந்திருக்கிறது. இன்னும் நாலைந்து நொடி இன்ஜின் ஓடியிருந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும். என் இன்ஜினின் ஒரு சிலிண்டர் ஏறக்குறைய 545 மில்லி; பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சம் இருக்கும் இடம் 35 மில்லி சுமாருக்குத்தான். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. இருமல் மருந்து பாட்டில் மூடியில் மூன்று மூடி தண்ணீர் போதும், கனெக்டிங் ராட் வளைய. தப்பான கியர் போட்டு இன்ஜினை நிறுத்திய என் அவசரம்தான் இன்ஜினைக் காப்பாற்றியது. ஓட்டத் தெரிந்தவன் ஓட்டியிருந்தால் செலவு லட்சத்தில் போயிருக்கும். நின்ற பிறகு சாவியைத் திருகியிருந்தாலும் அதே கதி. க்ளோ பிளக்குகளைக் கழற்றி இன்ஜினைச் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் பீச்சவில்லை.

அண்ணன் வண்டிக்கடியில் படுத்துப் பின் ஆக்சில் மூடியைத் தளர்த்தினார். ஆயில் வெளுத்து வடிந்தது.

"பால் ஆயிருச்சுங்க. ப்ரீதர் ஹோஸ் மேல ஏத்தலியா தம்பி?"

"ஸ்நார்க்கல் இருக்குங்ணா."

"அது இன்ஜினுக்குங்க. ஆக்சில் எது வழியா மூச்சு வுடும்?"

ஓடிச் சூடாகியிருக்கும் ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கியதும் வெளியே இருப்பதை உறிஞ்சும். வெளியே இருந்தது ஓடை. ஆக்சில், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றுக்கும் சின்ன மூச்சு ஓட்டை உண்டு. அதில் ரப்பர் குழாய் மாட்டி இன்ஜின் அறையின் உச்சியில் கட்டிவிட்டால் தீர்ந்தது. அவருடைய ஜீப்பில் அந்தக் குழாய்களை மாட்டுச் சந்தையில் வாங்கிய கயிற்றால் கட்டியிருந்தார். வெளியே எதுவும் தெரியாது. பக்கவாட்டில் நின்று போட்டோ எடுத்தாலும் விழாது. அதனால்தான் என் கண்ணில் அது படவே இல்லை.

வீட்டுக்கு வந்து, மேட்டுகளைக் கொடியில் காயப்போட்டுவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு கார் நிறுத்தத்தில் இறங்கினேன். கேபின் தளம் சுமார் ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் நீளம். தளத்துக்கு மேல் தண்ணீர் பத்து சென்டிமீட்டர் ஏறினால், உள்ளே தண்ணீர் புகாத வண்டி 375 கிலோ எடையைத் தண்ணீரிடம் இழக்கிறது. இருபது ஏறினால் முக்கால் டன். இன்ஜின் முன்னால் இருப்பதால் பின்பக்கம்தான் முதலில் எழும்பும். எஞ்சிய எடைதான் டயரைத் தரையில் அழுத்த வேண்டும், அந்த நேரத்தில் ஓட்டம் பக்கத்திலிருந்து தள்ளுகிறது. அண்ணனின் ஓட்டை ஜீப் ஏன் அசையவில்லை என்பதும், அடைப்பு கச்சிதமாக உள்ள வண்டி ஏன் முதலில் மிதக்கும் என்பதும் இந்த ஒரு பெருக்கலில் இருக்கிறது. அமெரிக்க தேசிய வானிலை சேவை மக்களுக்குச் சொல்லும் எச்சரிக்கையில், ஓடும் வெள்ளம் இரண்டடி இருந்தாலே எஸ்யூவிகளையும் பிக்கப்புகளையும் அடித்துக்கொண்டு போகும் என்று இருக்கிறது. இரண்டடி என்பது 610 மி.மீ. என் வண்டியின் பெருமைக்குரிய எண் 650. அட்டவணையில் நான் பச்சை அடித்த எண்ணெல்லாம் அசையாத தண்ணீருக்கு என்று அப்போதுதான் உறைத்தது. ஓடும் தண்ணீருக்கு என்று எந்தக் கம்பெனியும் எண் கொடுப்பதில்லை.

அட்டவணையை அழிக்க மனம் வரவில்லை. ஒரு தலைப்பைச் சேர்த்திருக்கிறேன்: ஓட்டுபவர். என் வண்டிக்கு நேராகச் சிவப்பு. ஏர் ஹாரனைக் கழற்றினேன், லைட் பாரைக் கழற்றினேன், பழைய அளவு டயரே திரும்பி வந்துவிட்டது. ஜிம்னிக்கு ஒரு கட்டம் பச்சையாக மாறியிருக்கிறது. "பாலம் இருக்கிறதா என்று கேட்கும் திறன்" என்று அதற்குப் பெயர். மெக்கானிக் அண்ணன் மாற்றியதையெல்லாம் திரும்ப மாற்றும்போது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதற்குத் தனியாகக் கூலி கொடுத்திருக்கலாம்.

ஸ்நார்க்கல் மாட்டிய வண்டிகள் இப்போது ஊரில் பெருகிவிட்டன. ஐப்பசி மழை பிடித்தால் எனக்குத் தெரிந்தவர்களிடமிருந்தே போன் வருகிறது: "தரைப்பாலத்து மேல தண்ணி ஓடுது, முழங்கால்தான் இருக்கும், நம்ம வண்டி தாண்டிடும் இல்ல?" முழங்கால் என்பது கரையோரத்தில். நடுவில் பாலம் இன்னும் இருக்கிறதா என்பதே கலங்கல் தண்ணீரில் தெரியாது. தண்ணீர் புகுந்து இன்ஜின் போனால் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி கைவிரித்துவிடும், அதற்குத் தனியாக இன்ஜின் பாதுகாப்புப் பிரிவு எடுத்திருக்க வேண்டும். உயிருக்கு அப்படி ஒரு கூடுதல் பிரிவை இன்னும் யாரும் விற்கவில்லை. ஆகவே எந்த வண்டி என்று சொல்லாதீர்கள், எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்காதீர்கள். வண்டியைத் திருப்புங்கள். தண்ணீர் வடிந்த பிறகு போய்க்கொள்ளலாம்.